சிவப்பு அம்பு

செக்கிங் மேசையில் எனக்குப் பதினோரு வருசம்.
ட்யூப் லைட்டுக்குக் கீழே பனியனை விரித்தால்
கண்ணுக்கு முந்தி விரல் போய் நிற்கும்,
ஊசி ஓட்டையில், எண்ணெய்க் கறையில்.
அம்பு ஸ்டிக்கர் ஒட்டித் தள்ளிவிடுவேன்.
சிவப்பு அம்பு. அதற்குமேல் பேச்சில்லை.

ராத்திரி ஒன்பதரைக்கு ‘நீலவாசல்’.
அனுப்பர்பாளையம் லைன் வீட்டில்
எட்டு வாசலிலும் ஒரே சத்தம் கேட்கும்.
கடலுக்கடியில் ஓர் ஊர், அதை ஆள ஒருத்தி.
அவளிடம் பொய் சொன்னவன் உப்பாகி உதிர்வான்.
ஊரைச் சுற்றி வளைத்துப் படுத்திருக்கும் ஒரு யாளி.
முதல் நாற்பது நாள்
சோறு குழைந்ததுகூடத் தெரியாமல் பார்த்தேன்.

நாற்பத்தொன்றில் அரசி மாறினாள்.
ஏன் என்று யாரும் சொல்லவில்லை,
மூக்குத்தி மட்டும் அதேதான்.
ஒரே ஆர்டர், ரெண்டு லாட்டு டையிங்.
பக்கத்தில் வைத்தால்தான் ஷேட் மாறியது தெரியும்.
வைக்காமல் இருக்க முடியுமா?

அப்புறம் யாளி இளைத்தது.
கிராபிக்ஸுக்குக் காசு பத்தவில்லை போல.
வால் ஒரு பக்கம் போகும், நிழல் ஒரு பக்கம் போகும்,
சில நாள் யாளியே வராது,
நாலு பேர் மேலே பார்த்துக் கத்திக்கொண்டு ஓடுவார்கள்.
கடலுக்கடியில் ஒருநாள் காகம் கரைந்தது.
உப்பாகி உதிர்ந்தவன்
கல்யாணப் பந்தியில் ரசம் ஊற்றினான்.

எழுபத்தெட்டில் அரசியின் மணிக்கட்டில்
கைக்கடிகாரம் கட்டிய தடம், பட்டையாய், வெளுப்பாய்.
எந்திரித்துப் போய்
டிவியில் ஒட்டினேன் ஒரு அம்பு.
இளமாறன் விழுந்து விழுந்து சிரித்தான்.
அவள் கை நகர்ந்துவிட்டது. அம்பு நின்றது.

டீ டைமில் சம்பூரணம் கேட்டாள்,
“ஏனக்கா, இத்தனை குத்தம் சொல்ற,
அப்பறம் எதுக்கு ஒக்காந்து பாக்கற?”
நான் தள்ளிய பீஸெல்லாம்
காதர்பேட்டையில் கிலோக்கணக்கில் போகிறது.
அதிலொன்றைத்தான் என் பையன் போட்டிருக்கிறான்,
கழுத்தோரம் ஒரு தையல் விட்டது.
அதைச் சொல்லவில்லை.
“பொழுது போகோணுமல்ல” என்றேன்.

நூற்றுப்பன்னிரண்டு.
முந்தைய நாள் முன்னோட்டம் வேறெதையோ காட்டியிருந்தது.
இருபது நிமிஷமும் ஒரே அறை.
அரசியும் வாசல் காவல்காரியும்.
சண்டையில்லை, மின்னலில்லை,
ஒரு முகத்தை மூன்று தரம் காட்டுவதுமில்லை.
காவல்காரி கேட்கிறாள்,
“நீங்கள் பொய் சொன்னால் யார் உப்பாவது?”
அரசி வாய் திறக்கவில்லை.
மேசையை ஒரு விரலால் துடைக்கிறாள்.
விரலைப் பார்க்கிறாள்.
நாக்கில் வைக்கிறாள்.
அவ்வளவுதான், விளம்பரம்.

எட்டு வாசலிலும் பேச்சில்லை.
யாரோ குக்கரை மட்டும் நிறுத்தினார்கள்.
அந்த முகத்தில், நான் ஏற்காத அந்தப் புது முகத்தில்,
இடது கண்ணுக்குச் சற்றுக் கீழே
என் அம்பு இருந்தது.
அது காட்டிய இடத்தில் ஒரு குறையும் இல்லை.

மறுநாள் காகம் திரும்பி வந்துவிட்டது.

யார் எழுதினார்கள் அந்த ஒரு நாளை?
எழுதுகிறவருக்குக் காய்ச்சல் கண்டு
மாற்று ஆள் ஒருத்தர் வந்து
விடிய விடிய எழுதிக் கொடுத்து
கூலியை வாங்கிக்கொண்டு போயிருக்கலாம்.
எங்கள் கம்பெனிக்கும் அப்படி ஒருத்தி வந்தாள்,
ஓவர்லாக்கில், நாலே நாள்.
அந்த நாலு நாளும்
என் ஸ்டிக்கர் ரோல் குறையவே இல்லை.
பேரைக் கேட்டு வைக்கவில்லை.

இருநூற்று ஆறோடு நிறுத்திவிட்டார்கள்.
அன்றைக்கென்று ஷிப்மென்ட்,
ராத்திரி பன்னிரண்டு வரை வேலை.
“எப்படி முடிச்சாங்க?”
“யாளி பறந்துச்சுக்கா” என்றாள் சம்பூரணம்,
“கம்பி தெரிஞ்சுது.”

அம்பு இன்னும் டிவியில்தான் இருக்கிறது.
செய்தி வாசிப்பவரின் டையைக் காட்டும்,
பவானிசாகர் நீர்மட்டத்தைக் காட்டும்.
வீட்டுமனை விளம்பரத்தில்
பாதி வெட்டுப்பட்ட ஒரு வேப்பமரத்தை.
நேற்று இளமாறன் நகத்தால் சுரண்டப் போனான்.
“உடு சாமி” என்றேன்,
“எடுத்தா பசை கறையாயிரும்.”